பட்டா இல்லாத பாத்திரங்கள்

ஊரையும் மண்ணையும் இழந்தவர்களைப் பற்றித் தமிழில் நல்ல நாவல்கள் உண்டு. இழப்பதற்கு முன்னால் அவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று விசாரிக்கும் நாவல்தான் அபூர்வம். எனக்குப் பிடித்த மூன்று நாவல்களை வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-ல் புத்தகமாக வந்தது. நாஞ்சில் நாட்டில் ஒரு பட்டணம் வளர்ந்த விதத்தை இத்தனை குறும்பாக வேறு யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. காற்றாடி மரத்தோப்பை வெட்டிவிட்டுப் பூங்கா வைக்கிறார்கள். தோப்பில் காற்று வாங்கியவர்களை யாரும் கேட்கவில்லை. புளியமரத்தின் தலைவிதியையோ வியாபாரப் போட்டியும் தேர்தலும் பத்திரிகையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நிழலில் ஒதுங்கியவர்களுக்கு வேடிக்கை பார்ப்பதுதான் வேலை.

சா. கந்தசாமியின் 'சாயாவன'த்தில் (1969) சிதம்பரம் என்பவன் கரும்பாலை கட்டுவதற்காக ஒரு வனத்தை விலைக்கு வாங்கி அழிக்கிறான். அந்த அழிக்கும் வேலையைக் கந்தசாமி வர்ணிக்கும் நிதானம் அசாத்தியமானது. வனம் போன பிறகுதான் ஊர் அதன் புளியை நம்பியிருந்தது புரிகிறது. விற்றவருக்கும் வாங்கியவனுக்கும் நடுவே எழுதிய பத்திரத்தில் அந்தப் புளிக்கு இடமில்லை.

மூன்றாவது, பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' (1991). சர்க்கார் காலனி கட்டுவதற்காக ஒரு குடியானவக் குடும்பத்தின் நிலம் போகிறது. நிலத்துக்கு ஈடாக வந்த பணம் வீட்டுக்குள் நுழைந்து உறவுகளை அரிப்பதைக் காட்டுவதால், மூன்றிலும் இதுவே எனக்கு மிக நெருக்கமானது. ஆனாலும் இதில் நாம் பார்ப்பது நிலமிருந்த வீட்டுப் பையனின் கண்களால்தான்.

அந்த நாவல் வெளிவந்தபோது நடைமுறையில் இருந்தது 1894-ம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டம். முப்பது நாளுக்குள் ஆட்சேப மனு கொடுக்கலாம். கொடுப்பவருக்கு நிலத்தில் பாத்தியதை இருக்கவேண்டும். களை பறித்துக் கூலி வாங்கியவளுக்குப் பாத்தியதை ஏது? 2014 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த புதுச் சட்டம்தான், அந்த நிலத்தையே நம்பிப் பிழைத்த கூலிக்காரரையும் பாதிக்கப்பட்ட குடும்பமென்று ஏற்றுக்கொண்டது. ஊரில் பகிரங்க விசாரணையும் வேண்டுமென்றது. சட்டத்தின் கண்ணில் அவள் பட்டுவிட்டாள். நம் நாவலாசிரியர்களின் கண்ணில் இன்னும் நன்றாகப் படவில்லை என்பதே என் மனத்தாங்கல்.

இது பெரிய குறையா என்று கேட்பவர்கள் சாத்தூருக்குப் பக்கத்தில் ஏழாயிரம்பண்ணை வரை போய்வரலாம். பழைய பாளையப்பட்டு. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. அதில் பட்டாசுத் தொழிற்சாலைகள். ஜனங்கள் சொல்வது 'பயர் ஆபீஸ்'. இங்கே யாரும் யாரையும் ஊரைவிட்டுக் கிளப்பவில்லை. அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அபாயம் பக்கத்தில் வந்து குடியேறிவிட்டது. மருந்து அறைக்கும் வீட்டுக்கும் இடையே இத்தனை தூரம் வேண்டுமென்று விதிகள் அளந்து வைத்திருக்கின்றன. ஆனால் வீட்டில் தூங்குகிறவள்தான் விடிந்ததும் அந்த அறைக்குள் போய் உட்காருகிறாள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் மாண்டவர்கள் இருபதுக்கும் மேல். 1996-ல் பூமணி எடுத்த 'கருவேலம் பூக்கள்' என்ற திரைப்படம், வறண்ட ஊரின் பிள்ளைகள் தீப்பெட்டி ஆலைக்குப் போன கதையைச் சொன்னது. இது அதற்கு அடுத்த வீட்டுக் கதை.

அந்தப் பெண்ணைச் சபையில் நிறுத்தி, "ஆலை வேண்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். எதிரே அதிகாரியும் முதலாளியும். பக்கத்தில் அதே கூலியை நம்பியிருக்கும் தெருக்காரர்கள். "வேணும்யா, அத வச்சுத்தான் பொழப்பு ஓடுது" என்பாள். அன்று ராத்திரி சோறு போடும்போது புருஷனிடம், "எம் மக மட்டும் அங்க போக வேண்டாம்" என்பாள். இரண்டுமே உண்மை. கூட்டத்தின் குறிப்பேட்டில் ஏறுவது முதல் பதில் மட்டுமே. இரண்டாவது பதில் அடுப்படியோடு நின்றுவிடுகிறது.

நாவல் என்ன, கலெக்டருக்கு எழுதும் மனுவா என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நான் பிரசாரம் எழுதச் சொல்லவில்லை. மனுவில் எழுத முடியாத அந்த இரண்டாவது பதிலைத்தான் எழுதச் சொல்கிறேன். அதைக் கேட்க அடுப்படி வரை போகக்கூடியவன் நாவலாசிரியன் ஒருவன்தான்.

கி. ராஜநாராயணனும் பூமணியும் பிறந்த கரிசல் சீமையில் எழுதுகிறவர்களுக்குக் குறைவில்லை. காலையில் பயர் ஆபீசுக்குப் போகும் வண்டியில் யாராவது அந்தப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நாவலை எழுதட்டும். அன்பளிப்புப் பிரதிக்குக் காத்திராமல் நானே விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.