முட்டத்து வள்ளமும் அஜைல் முறையும்

கட்டுமரத்துக்கும் குடைந்தெடுக்கும் வள்ளத்துக்கும் ஏற்ற பெருமரங்கள் அரிதாகிவிட்ட நிலையில், 1980களின் தொடக்கத்தில் குமரிக் கடற்கரையிலுள்ள முட்டத்தில் பிளைவுட் வள்ளங்கள் உருவாயின. பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே அந்தப் பணியில் முன்னின்றார். 1985இல் அந்த அனுபவத்தை நூலாகவும் எழுதினார். படகைக் கட்டி, கடலில் இறக்கி, மீனவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டு அடுத்த படகைத் திருத்திக் கட்டும் வழி அது. கடலுக்குப் போகிறவர்தான் அதன் தேர்வாளர்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் கூடிய 17 மென்பொருளாளர்கள் இதற்கு நெருக்கமான கருத்தையே அஜைல் கொள்கை அறிக்கையாக எழுதினார்கள். முன்பெல்லாம் தேவைகளை முழுவதும் எழுதி முடித்த பிறகே நிரல் எழுதத் தொடங்குவார்கள். வாடிக்கையாளர் மென்பொருளைப் பார்ப்பதற்குள் ஓராண்டுகூட ஓடிவிடும். அப்போது தெரியவரும் பிழையைத் திருத்தப் பெருஞ்செலவாகும். அஜைலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இயங்கும் மென்பொருளைக் காட்டலாம். ஸ்பிரின்ட் எனப்படும் அந்தக் குறுகிய சுற்றில் எவ்வளவு வேலை எடுப்பது என்பதைக் குழுவே முடிவு செய்யும். இவ்விரண்டும் மறுக்க முடியாத பலங்கள்.

ஆனால் நடைமுறை பல இடங்களில் இதிலிருந்து விலகிவிட்டது. விலையும் தேதியும் அம்சங்களும் ஒப்பந்தத்திலேயே முடிவாகியிருக்க, அந்தப் பழைய திட்டத்தைத் துண்டுகளாக வெட்டி ஸ்பிரின்ட் என்று பெயரிடுகிறார்கள். பயனர் வேறொரு நாட்டில் இருப்பார். அவர் சார்பில் பேசுபவரும் அவரைப் பார்த்திருக்க மாட்டார். குழு தனக்குள் பேசிக்கொள்ள வேண்டிய 15 நிமிட ஸ்டாண்ட்-அப் கூட்டம், மேலாளரிடம் கணக்கு ஒப்பிக்கும் நேரமாகிவிடுகிறது. வேலையின் அளவை ஊகிக்க வந்த ஸ்டோரி பாயின்ட், ஆளை அளக்கும் கோலாகிறது; அளக்கப்படுகிறவர்கள் மதிப்பீட்டை உயர்த்திச் சொல்லத் தொடங்குகிறார்கள். அந்த 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ், ஸ்டோரி பாயின்ட்டைத் தாமே உருவாக்கியிருக்கலாம் என்றும் அதற்காக வருந்துவதாகவும் 2019இல் எழுதினார்.

முறை சரியாகப் பின்பற்றப்பட்டாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலைத் தாக்கிய ஒக்கிப் புயலின்போது, கைப்பேசி அலை எட்டாத தொலைவில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. 2019 அக்டோபரில் அறிமுகமான ஜெமினி கருவி, ககன் என்னும் செயற்கைக்கோள் அமைப்பின் வழியாக எச்சரிக்கையைப் படகுக்குக் கொண்டுசேர்க்கிறது. அதனுடன் இணையும் செயலியின் மொழியையும் திரையையும் மீனவர்களைக் கேட்டு வாராவாரம் திருத்தலாம். ஆனால் ஜெமினி தருவது ஒருவழித் தொடர்பு. அதன் வழியாகப் படகிலிருந்து உதவி கேட்டு அழைக்க முடியாது. அந்தக் குறையை எத்தனை ஸ்பிரின்ட் ஓட்டினாலும் செயலிக்குள் தீர்க்க முடியாது. உயிர்காப்பைத் தொடும் அடித்தள முடிவுகளைத் தொடக்கத்திலேயே, பயனரை அருகில் வைத்துக்கொண்டு, நிதானமாக எடுத்தாக வேண்டும்.

ஆகவே அஜைலைக் கைவிட வேண்டியதில்லை. பின்னாளில் மாற்ற முடிந்ததையும் முடியாததையும் முதலிலேயே பிரித்துக்கொண்டு அதைக் கையாள வேண்டும். ஒவ்வொரு குழுவும் மாதம் ஒருமுறை தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும்: பயனர் சொன்னதைக் கேட்டு எந்த முடிவை மாற்றினோம்? பதில் இல்லாவிட்டால், ஸ்டாண்ட்-அப்பைக் குறைத்துவிட்டு அந்த நேரத்தில் பயனரைப் போய்ப் பார்ப்பதே நல்லது.