குருகு எதைப் பார்த்தது?

இப்போது வரும் கவிதைகளில் பறவைக்குப் பஞ்சமே இல்லை. என்ன பறவை என்று கேட்டால்தான் பதில் வராது. அது சும்மா பறக்கும். சுதந்திரம், தனிமை, காதலி போன பிறகான வெறுமை என்று கவிஞர் ஏற்றியதையெல்லாம் சுமக்கும். அந்த இடத்தில் ஒரு பட்டத்தை வைத்தாலும் கவிதைக்கு ஒன்றும் ஆகாது. 'கவிதைக்கு எதுக்குங்க பறவையியல்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலை இரண்டு பழைய பாடல்களிலும் பிச்சாவரத்துச் சேற்றிலும் தேடிப் பார்க்கலாம்.

குறுந்தொகையின் 25ஆம் பாடல், கபிலர் எழுதியது. தலைவன் தன்னோடு கூடிய அன்று வேறு யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. ஒரு குருகு மட்டும் நின்றது. தினைத்தாள் போன்ற மெல்லிய பசிய கால். அது ஓடுநீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் பாட்டு.

இது குறிஞ்சித் திணை. கண்டல் காட்டுப் பாட்டு அல்ல. ஆனாலும் அந்தக் குருகைப் புரிந்துகொள்ளப் பிச்சாவரம் நல்ல இடம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், தண்ணீர் வற்றும் நேரத்தில் சேறு வெளியே தெரியும். அங்கே சின்னக் கொக்கைப் பாருங்கள்: கறுப்புக் கால், மஞ்சள் பாதம். பாதத்தால் சேற்றைக் கலக்கி இரையைக் கிளப்பும். பக்கத்திலேயே மடையான். பச்சை கலந்த மங்கலான கால். சிலை மாதிரி நிற்கும். கிட்டே போனாலும் சட்டென்று பறக்காது. அதனாலேயே அதற்குக் குருட்டுக் கொக்கு என்றும் பெயர்.

கபிலரின் குருகு மடையானாக இருக்கலாம். காலின் நிறமும் நிற்கிற விதமும் ஒத்துப்போகின்றன. ஆனால் பெயரைக் கண்டுபிடிப்பதல்ல விஷயம். இருந்த ஒரே சாட்சியும் இரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை; தலைவியின் துயரம் அங்கேதான் இருக்கிறது. கபிலர் அந்தப் பறவைமீது எதையும் ஏற்றவில்லை. அது தன் வேலையைப் பார்க்கிறது. குருகை எடுத்துவிட்டுக் காக்கையை வைத்தால் பாட்டு விழுந்துவிடும், ஏனென்றால் காக்கை எல்லாவற்றையும் பார்க்கும்!

சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டு நமக்கெல்லாம் பள்ளியிலேயே பழக்கம். பனங்கிழங்கைப் பிளந்தது போன்ற பவள அலகும் சிவந்த காலும் உள்ள நாரை என்று அடையாளம் சொல்கிறார். குளிர்காலத்தில் இங்கே வலசை வரும் செங்கால் நாரைக்கு இரண்டும் பொருந்துகின்றன. தெற்கே குமரியாடிவிட்டு வடக்கே திரும்பும்போது ஊரில் என் மனைவியிடம் சொல் என்கிறார். மதுரையில் அவரை நடுங்கவைக்கும் குளிரும் அந்த நாரையும் ஒரே பருவத்தில் வருகின்றன. பருவம் மாறினால் நாரை திரும்பிவிடும். புலவரால் முடியாது. வலசையைத் தெரிந்துகொண்டு படித்தால் பாட்டு இன்னும் கொஞ்சம் வலிக்கிறது.

அதே பருவத்தில்தான் பிச்சாவரத்துக்கும் விருந்தாளிகள் வருகிறார்கள். கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம். ஆர்க்டிக் தூந்திரத்தில் முட்டையிட்டு வளர்த்துவிட்டு இவ்வளவு தூரம் வருகிறது. அதன் குட்டை அலகு சேற்றின் மேற்பரப்பைக் கொத்துகிறது. கோட்டானின் நீண்டு வளைந்த அலகு ஆழத்துக்குள் போய் நண்டை இழுக்கிறது. ஒரே சேற்றை அலகின் நீளத்தால் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். தண்ணீர் ஏறினால் பந்தி முடிந்தது. மேட்டில் ஒதுங்கி, அடுத்த இறக்கத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

நமக்கோ பிச்சாவரம் என்றால் 1975இல் வந்த 'இதயக்கனி', படகு, வேர்களுக்கு நடுவே ஒரு செல்ஃபி. 2022இல் அது ராம்சார் தலமானது. அறிவிப்பால் ஓர் இடத்தைக் காக்கலாம். அங்கே யார் வாழ்கிறார்கள் என்று நம் மொழிக்குத் தெரியவைக்க எழுத்துதான் வேண்டும்.

கவிதை பறவைக் கையேடாக வேண்டாம். ஆனால் வெறும் 'பறவை' என்ற சொல்லில் சேறும் இல்லை, ஆரலும் இல்லை, பருவமும் இல்லை. நாளைக்கு அந்தச் சேறு காணாமல் போனால் கொசு உள்ளான் வராது. நம் கவிதைப் பறவை மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் பறந்துகொண்டிருக்கும். எனக்கு அதன்மேல் இருக்கும் புகாரே அதுதான்.