சிப்பிக் கணக்கு

கிளிஞ்சல்மேட்டில் கிளிஞ்சல் பொறுக்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. அந்தச் சிப்பியை வைத்தே கிரகணம் கணித்த பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் புதுச்சேரியில் கண்டு எழுதியிருக்கிறார் வானியலாளர் ஜான் வாரன். 1825 மே 31 இரவுச் சந்திர கிரகணம் அது. சிப்பிகளைத் தரையில் பரப்பி, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டே அவர் கணித்தார். தொடக்கம் 4 நிமிட வித்தியாசத்தில் வந்தது. முடிவு 52 நிமிடம் பிசகியது.

எண்களை எழுத்தாக்கி, எழுத்துகளைச் சொற்றொடராக்கி நெட்டுருப் போடுவதே வாக்கிய முறை. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்றாக. இதைக் கற்க ஒரு பிரெஞ்சுக்காரர் நம் கரையில் உட்கார்ந்தார் என்பதை இளையவர்கள் அறிய வேண்டும்.

அவர் பெயர் லெ ழாந்தீ. சூரியனை வெள்ளி கடப்பதை அளந்தால் சூரியனின் தூரம் கிடைக்கும் என்பது ஹாலி வகுத்த வழி. அதற்காக 1760-இல் பிரான்சை விட்டுக் கிளம்பினார். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில். அங்கே இறங்க முடியாமல், ஆடும் கப்பலில் இருந்து பார்த்தது அளவைக்கு உதவவில்லை. அடுத்த வாய்ப்புக்கு எட்டு ஆண்டு காத்திருந்தார். 1769 ஜூன் 4 விடியற்காலை, புதுச்சேரியில் மேகம் மூடிக்கொண்டது.

இந்தச் சோகத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, புதுச்சேரியில் இருந்தபோது தமிழரிடம் அவர் கற்ற கணக்கு. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகச் சொன்னது. ஐரோப்பாவில் பேர்பெற்ற தோபியாஸ் மாயரின் அட்டவணையோ 68 விநாடி கூடுதலாகச் சொன்னது. ஐரோப்பியக் கணக்கின் பிழையையும் லெ ழாந்தீ மறைக்கவில்லை. ஒரு கிரகணத்தை வைத்து நாம் மார்தட்டவும் கூடாது; அந்த 52 நிமிடமும் நம்முடையதுதான்.

மாயர் வழியினர் வானத்தைப் பார்த்துப் பார்த்து அட்டவணையைத் திருத்தினார்கள். நம்மிலும் அந்த மரபு உண்டு: கேரளத்துப் பரமேசுவரர் 1431-இல் திருக்கணிதம் வகுத்தார்; பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாசாரியார் திருத்திய பஞ்சாங்கம் வெளியிட்டார்.

ஆனால் நம் திருநள்ளாறு இன்றும் வாக்கியத்தின் பக்கம். திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-இல் கும்பத்துக்குப் போன சனிக்கு, இங்கே டிசம்பர் 20-இல்தான் பெயர்ச்சி. நளதீர்த்தத்தில் கூட்டம் சேர்ந்ததும் அன்றுதான்.