இல்லத்து ஒலிப்பதிவும் மூலபாடமும்

வரைவாக அமைத்தது நூலாகவே நிலைத்துவிடுவதுண்டு. ஏட்டுச்சுவடிகளை ஆய்வார்க்கு இச்சிக்கல் புதியதன்று. இசைத்துறையில் இதனை ஆராய்தற்கு அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ (1982) என்னும் இசைத்தட்டு ஏற்றதொரு சான்றாகும்.

நியூசெர்சி மாநிலத்துக் கோல்ட்ஸ் நெக் என்னும் ஊரில், தாம் வாழ்ந்த வீட்டிலேயே, டாஸ்காம் 144 என்னும் கருவியில் அவர் இப்பாடல்களைப் பதிந்தார். சிறிய காசெட்டு நாடாவில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியவல்லது அக்கருவி. குரலும் கித்தாரும் இரு தடங்களைக் கொள்ள, எஞ்சியன இரண்டே. துணைக்குரலோ மற்றொரு கித்தாரோ அவற்றுள் அடங்கல் வேண்டும். பின்னர் அவற்றை எக்கோபிளெக்ஸ் என்னும் எதிரொலிக் கருவி வழியே செலுத்தி, எளிய நாடாப்பெட்டி ஒன்றில் கலந்தெடுத்தார். தம் குழுவினர்க்குப் பாடல்களைக் காட்டுதலே அப்போதைய நோக்கம். ஆயின், குழுவினருடன் இசைத்த பதிவுகள் அவர்க்கு நிறைவு தரவில்லை. நாடாவே தட்டாக வெளிவந்தது.

கருவியின் வறுமையே கலையின் வளம் என்பாரும் உளர். அக்கூற்றுப் பொருந்தாது. ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ என்னும் பாடலும் அக்காலத்து இல்லப் பதிவுகளுள் ஒன்றே. அதுவோ குழுவிசையில் நிறைவெய்தி 1984-இல் வெளிவந்தது. எனவே, தனிமையைப் பொருளாகக் கொண்ட பாடல்களுக்கே தனியறை ஒலி இயைந்தது என்க. எதிரொலி குரலோடும் கித்தாரோடும் ஒருங்கே கலந்தமையின், பாடுவோன் வெற்றிடத்தே நிற்பதுபோலத் தோன்றுகிறான். நாடாவின் இரைச்சலைச் சிலர் போற்றுமளவிற்கு யான் போற்றேன். அது பொறுத்தற்குரிய குறை, அவ்வளவே.

டிஜிட்டல் முறையிலோ தடங்களுக்கு எல்லையில்லை. பில்லி ஐலிஷ் தம் தமையன் பினியாஸுடன் வீட்டுப் படுக்கையறையில் பதிந்த 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பில், சிட்னி நகரத்துச் சாலைக்கடவின் ஒலி கூடக் கைப்பேசி வழியே வந்து ‘பேட் கை’ பாடலில் தாளமாகிறது. பலமுறை பாடியவற்றினின்று நல்லனவற்றைத் தெரிந்து இணைத்தலும் எளிதாயிற்று. இத்துணை வசதியிருந்தும், குரல் செவியருகே முணுமுணுக்கும்படி ஏனைய இடங்களை வெறிதே விட்டமையே அவர்தம் திறம். நாடாவில் கருவி விதித்த எல்லையை இங்குக் கலைஞரே விதித்துக்கொள்ளல் வேண்டும், இஃது அரிது.

‘நெப்ராஸ்கா’ப் பாடல்களின் குழுப் பதிவுகள் 2025-இல் வெளியிடப்பெற்றன. இனி மூலபாடம் யாது? முதற்கண் எழுதியதா, ஆசிரியர் இறுதியில் ஒப்பியதா? இங்கு இவ்விரண்டும் நாடாவையே சுட்டுகின்றன. குழுப் பதிவுகளைப் பாடவேறுபாடுகளாகக் கொள்ளலாம். நாடாவுக்கு முன்வைத்துக் கேட்டல் முறையன்று.