பூவும் கமராவும்: அண்மைப்படங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

பூவை அண்மையில் நின்று படம்பிடித்தலைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடும் வழக்கம் எம்மிடையே உண்டு. பூ அழகானது, ஆகவே அதன் படமும் அழகானதே, இதில் விமர்சனத்துக்கு என்ன இருக்கிறது என்பர். இக்கூற்று ஏற்புடையதன்று. எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்ற தீர்மானம் கமராவைத் தூக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அத்தீர்மானத்தின் நியாயமே ஈண்டு நோக்கற்பாலது.

கருவியின் இயல்பை முதலிற் கூறவேண்டும். வில்லை பூவை நெருங்க நெருங்கத் தெளிவாக விழும் பகுதியின் ஆழம் குறுகும். கேசரம் தெளிந்தால் இதழின் விளிம்பு மங்கும். துவாரத்தைச் சுருக்கினால் தெளிவு ஆழமாகும். ஆனால் ஒளி குறையும், ஒளிபடும் நேரத்தை நீட்டவேண்டும், அதற்குள் இளங்காற்று பூவை அசைத்துவிடும். இன்று வெவ்வேறு ஆழங்களிற் குவித்தெடுத்த பல படங்களைக் கணினியில் ஒன்றாக இணைத்து இக்குறையைப் போக்குகின்றனர். எக்கண்ணும் ஒரே நோக்கிற் காணாத தெளிவு அது. எனவே திருத்தாத படமே உண்மைப் படம் என்ற வாதம் இத்துறையில் நிலைக்காது.

ஜேர்மனியரான கார்ல் புளொஸ்பெல்ற் (1865–1932) இதற்குத் தக்க சான்று. பேர்லினில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கலைத்தொழில் கற்பித்த அவர், மாணவர் பார்த்துப் பயில்வதற்காகவே தாவரங்களைப் படமெடுத்தார். பக்கக் கிளைகளைக் கத்தரித்தார்; வெறும் பின்புலத்தில் நிறுத்தினார்; நெகற்றிவிலும் கை வைத்தார். 1928 இல் 120 படங்களுடன் 'கலையின் மூல வடிவங்கள்' என்னும் நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் அதற்கு மதிப்புரை எழுதிய வால்ற்றர் பென்ஜமின், உருப்பெருக்கிய தாவரங்களிற் பழந்தூண்களையும் ஆயரின் கோலையும் கண்டார். வியப்புக்குரிய காட்சிதான். ஆயினும் தூணைக் காணும் கண்ணுக்குத் தாவரம் மறைந்துபோகிறது. மண்ணில்லை, பருவமில்லை, வண்டில்லை. ஆசிரியர் நறுக்கியது கற்பித்தலுக்காக என்பதால் அந்நறுக்கல் நேர்மையானது. அதன் எல்லையும் அதுவே.

அமெரிக்கரான இமோஜென் கனிங்ஹாம் 1920களில், சிறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு வீட்டை விட்டகல இயலாதிருந்த காலத்தில், தம் தோட்டத்துப் பூக்களின்பால் திரும்பினார். 1925 ஆம் ஆண்டின் மக்னோலியாப் படத்தில் ஒரே பூ சட்டத்தை நிறைக்கிறது. நடுவே கேசரங்களும் சூலகமும் எழுந்து நிற்கின்றன. அவரும் தோட்டத்தை விலக்கியே விட்டார். எனினும் பூ எத்தொழிலுக்காக மலர்கிறதோ அத்தொழிலை மையத்தில் வைத்தார். புளொஸ்பெல்ற் தாவரத்தில் வடிவத்தைக் கண்டார். கனிங்ஹாம் பூவிற் பூவையே கண்டார். என் நோக்கிற் பின்னதே உயர்ந்தது.

இன்றைய படங்கள் பலவற்றில் இவ்விரண்டுமில்லை. வாடிய இதழ் அழிக்கப்படுகிறது, எறும்பு அகற்றப்படுகிறது, நிறம் கூட்டப்படுகிறது. பூ விற்பனைப் பண்டத்தின் மெருகைப் பெறுகிறது. நானும் இக்குற்றத்துக்கு விலக்கல்ல. சென்ற விடுமுறையில் வேலியோரத்து எருக்கலையைப் படமெடுத்தேன். மொட்டுக்களில் மொய்த்திருந்த மஞ்சட் சிறுபூச்சிகளையும் இதழிற் படிந்த தெருப்புழுதியையும் கணினியில் அழித்து, ஊதாவைச் சற்றே கூட்டினேன். நண்பர் பாராட்டினர். அம்மம்மா மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்ப் பூ?" என்று கேட்டார். பிள்ளையாருக்கென நாள்தோறும் அப்பூவைப் பறிப்பவர் அவர்.

அக்கேள்வியிலும் சிறந்த விமர்சனத்தை நான் இதுவரை கேட்டதில்லை. புழுதியிலும் வெயிலிலும் நின்று பூப்பதே எருக்கலையின் இயல்பு. அதை அழித்தபோது அழுக்கோடு பூவையும் அழித்துவிட்டேன். நறுக்குவதும் திருத்துவதும் இக்கலையின் மொழி. அவற்றை வெறுப்பதிற் பயனில்லை. திருத்திய பின் பூ முன்னிலும் தெளிவாகத் தெரிகிறதா, எடுத்தவரின் கைத்திறன் மட்டுந்தான் தெரிகிறதா என்று கேட்டல் வேண்டும். அன்றாடம் பூப்பறிப்பவர் அப்பூவை அடையாளங் காண்பாராயின் படம் பிழைத்தது எனலாம்.