மூலையில் ஒரு பூ

ஒட்டுப் போர்வை எது கைக்கு வந்தாலும் அதை முதலில் புரட்டிப் போட்டுத்தான் பார்ப்பேன். முன்பக்கத்து நிறங்கள் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை. தைத்தவரின் கை பின்பக்கத்தில்தான் தெரியும். அதிலும் கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் தைத்த கவந்தி என்ற ஒட்டுப் போர்வை என்றால், பின்பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருக்கலாம். அடித்துணியாக நைந்த சேலை ஒன்று கிடக்கும். அதன் மேல் நூலோட்டம் வெளி ஓரத்தில் தொடங்கி ஒரு சுற்று, அதை ஒட்டி உள்ளே இன்னொரு சுற்று என்று கட்டத்துக்குள் கட்டமாக நடுவை நோக்கிப் போகும். முன்பக்கத்தில் எத்தனை நிறம் கூத்தாடினாலும் பின்பக்கத்தில் இந்தச் சுற்று மட்டும்தான். துண்டுகள் மூன்று நான்கு அடுக்காக ஏறிக்கொண்ட இடத்தில் தையல் லேசாக நெளியும். ஊசி சிரமப்பட்டு இறங்கியிருப்பது தெரியும். துணி மெலிந்ததும் தையல் மறுபடி நேராகிவிடும். இந்த நெளிவும் நேரும்தான் எனக்கு வேண்டியவை.

சித்திகள் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாபூர், ஹளியாள், முண்டகோடு பக்கத்துக் காடுகளை ஒட்டி வாழ்கிறவர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். போர்த்துக்கீசியரின் கோவாவில் அடிமைப்பட்டுக் கிடந்து, தப்பி இந்த மலைக்கு வந்தவர்களும் அவர்களின் முன்னோரில் உண்டு. கர்நாடகப் பழங்குடிப் பட்டியலில் 2003இல்தான் அவர்களுக்கு இடம் கிடைத்தது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மூன்று வழியினரும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். மூன்று வீட்டிலும் கவந்தி உண்டு. கத்தோலிக்க வீட்டுக் கவந்தியில் சிலுவையும் முஸ்லிம் வீட்டுக் கவந்தியில் பிறையும் சில சமயம் தலைகாட்டும். தைக்கும் முறையில் வேற்றுமை இல்லை.

என்னைக் கட்டிப்போட்டது அந்த முறைதான். மற்ற ஒட்டுப் போர்வைகளில் துண்டுகளைச் சேர்த்து மேல்துணியை முதலில் முடிப்பார்கள். பிறகு பஞ்சு, அடித்துணி, சட்டம், தையல் என்று போய், எல்லாம் ஆனபின் ஓரத்துக்குப் பட்டி கட்டுவார்கள். கவந்தியில் சட்டமும் இல்லை, பஞ்சும் இல்லை. வேலை மூலையில் தொடங்கும். அடித்துணியின் ஓரத்தை மடித்து, முதல் துண்டின் ஓரத்தையும் மடித்து, இரண்டையும் சேர்த்து வைத்து ஓட்டுத் தையல் போட்டால் அந்த இடத்தில் போர்வை முழுசாக முடிந்துவிடுகிறது. துண்டும் ஒட்டியாயிற்று, அடுக்கும் பிடித்தாயிற்று, ஓரமும் கட்டியாயிற்று. அடுத்து வரும் துண்டு முதல் துண்டின் பிசிரைத் தன் அடியில் வாங்கிக்கொள்ளும். மற்றவர்கள் கடைசிக்கு வைக்கிற ஓரத்தை இவர்கள் ஆரம்பத்திலேயே முடித்துவிடுகிறார்கள். பஞ்சு இல்லையே, குளிர் தாங்குமா என்று கேட்பவர்கள் ஒரு பெரிய கவந்தியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். துண்டின் மேல் துண்டு ஏறி ஏறி, கை வலிக்கும் கனம் இருக்கும். அந்த மலைமழைக்கு அது போதும்.

அளவுகோல் இல்லாத வேலை என்பதால், சுற்று உள்ளே போகப் போகக் கட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணும். கடைசியில் நடுவில் மிஞ்சுகிற வாய் செவ்வகமாக அமைவது அபூர்வம். அந்த வாய்க்குப் பொருந்தும் துண்டைத் தேடி, நான்கு பக்கமும் உள்ளே மடித்து மூட வேண்டும். அவசரக்காரர் அங்கே கைக்கு வந்ததைப் போட்டு இழுத்துத் தைத்திருப்பார். துணி குமிழ்ந்து நிற்கும். நல்ல கைக்காரர் மூன்று சுற்று முன்னாலேயே கோணலைக் கவனித்து, ஒரு பக்கம் அகலத் துண்டும் எதிர்ப்பக்கம் ஒடுக்கத் துண்டும் வைத்துச் சரிக்கட்டிக்கொண்டே வந்திருப்பார். அதை முன்பக்கத்தில் கண்டுபிடிக்க முடியாது. நடுவிலிருந்து வெளியே விரல் வைத்துத் தடவிக்கொண்டு போனால் புலப்படும்.

நான் சொல்ல வந்தது பூலாவைப் பற்றி. நான்கு மூலைகளிலும் வைக்கிற துணிப்பூ. சின்னச் சதுரத் துணியை மூலைக்கு மூலை இரண்டு தடவை மடித்தால் முக்கோணம். அப்படி மடித்தவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, போர்வையின் மூலையில் வைத்துத் தைத்துவிடுவார்கள். அது இல்லாத கவந்தி அம்மணமாக நிற்கிறது என்பது சித்திப் பெண்களின் தீர்ப்பு. கவந்திகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கலை வரலாற்றாசிரியர் ஹென்றி ட்ரூவல் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஒட்டுப் போர்வை ரசிகர்களில் பலர் பூலாவைச் சின்ன அலங்காரம் என்று சொல்லித் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு முக்கோணத்தில் நான்கு அடுக்கு. மூன்றை அடுக்கினால் 12. அதற்குக் கீழே மூலைத் துண்டு, அதன் மடிப்பு, அடிச்சேலை, அதன் மடிப்பு. மொத்தப் போர்வையிலும் ஊசிக்கு ஆகக் கடினமான இடம் இதுதான். கட்டைவிரலால் தள்ளினால் இறங்காது. விரலுறை போட்டு அழுத்த வேண்டும், அல்லது ஊசியின் காதைத் தரையில் ஊன்றித் துணியை அதன்மேல் இறக்க வேண்டும். போர்வை முடிந்துவிட்டது, மூடிக்கொண்டு படுக்கலாம். அதற்கப்புறமும் உட்கார்ந்து இத்தனை மடிப்பில் ஊசியைச் செலுத்துகிறார் ஒரு பெண். குளிருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. உதறும்போதும் கொடியில் போடும்போதும் நாம் பிடிப்பது மூலையைத்தான். தவழ்கிற குழந்தை இழுத்து வாயில் வைப்பதும் மூலையைத்தான். வீட்டாரின் கை முதலில் படுகிற இடத்தைப் பார்த்து, மீந்த துண்டுகளில் ஆக அழகான நிறத்தை அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள். இதற்குமேல் ஒரு போர்வைக்கு முடிப்பு வேண்டியதில்லை.

நண்பர்கள் சிலர் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் போர்வைகளைத்தான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். நானும் அவற்றின் ரசிகைதான். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் அதைத் தொடர்ந்து நியூயார்க்கின் விட்னியிலும் அவை காட்சிக்கு வந்த பிறகுதான், ஆற்று வளைவுக்குள் கிடந்த அந்தக் கறுப்பின ஊரை உலகம் எட்டிப் பார்த்தது. 2006இல் அமெரிக்கா தபால்தலையே வெளியிட்டது. ஆனால் எழுதுகிறவர்கள் எல்லோரும் நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டே எழுதினார்கள். அதுதான் எனக்கு ஒட்டவில்லை. சுவரில் தொங்கவிட்டால் பின்பக்கம் போயிற்று, கனம் போயிற்று, ஓரம் எப்படிக் கட்டியிருக்கிறது என்பதும் போயிற்று. அந்த ஊர்ப் பெண் மிசூரி பெட்வே 1942இல் தைத்த போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் இறந்த துக்கத்தில், அவர் வயலுக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்புகளைப் பிரித்து, மகள் ஆர்லோன்சியாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு தைத்தது. அவரை நினைத்துக்கொண்டு போர்த்திக்கொள்ளத்தான் அதைத் தைத்தார். வெளுத்த நீலத்தை வண்ணச் சமன்பாடு என்று ஒரு விமர்சகர் சொல்லலாம். அது ஒரு மனிதன் வெயிலில் நின்று நின்று வெளுக்கவைத்த நீலம். வண்ணம் பற்றிய எந்தப் பேச்சும் அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

அதே வட்டாரத்துப் பெண்கள் 1966இல் ஃப்ரீடம் க்வில்டிங் பீ என்று ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறைகள் தைக்கும் வேலை வந்தது. ஒரே அளவு, ஒரே மாதிரி, கையில் காசு. அந்தக் காசு அவர்களுக்கு வேண்டியிருந்தது. குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் கண் போவது அந்த வேலையில் மிஞ்சிய கார்டுராய் துண்டுகளின் பக்கம். வெட்டிப் போட்டதை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தங்கள் மனம்போலச் சேர்த்துத் தைத்தார்கள். உறைகள் போன இடம் தெரியவில்லை. கழிவில் செய்த போர்வைகள்தான் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

வங்காளத்துக் காந்தா என்ற தையல் போர்வையின் பக்தர்கள் இன்னும் பிடிவாதக்காரர்கள். நூலோட்டத்தின் நுணுக்கத்தில் காந்தாவை எதுவும் நெருங்க முடியாது என்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. சேலைக் கரையிலிருந்து நூலை உருவி, அதே நூலில் யானையும் தாமரையும் தைத்த கைகள் அவை. மானதாசுந்தரி என்ற பெண் தன் தகப்பனாருக்காகத் தைத்த காந்தாவின் முன் எந்த ரசிகனும் வாயடைத்துத்தான் நிற்பான். ஆனால் அவ்வளவு வேலைப்பாடு உள்ளதைப் பெட்டியில் மடித்து வைக்கத் தோன்றும். கவந்தியை மண் தரையில் விரிக்கலாம், ஆற்றங்கல்லில் அடித்துத் துவைக்கலாம், கிழிந்த இடத்தில் இன்னொரு ஒட்டுப் போடலாம். போட்ட ஒட்டு வேற்றாளாகத் தெரியாது. வீட்டுப் போர்வைக்கு நான் கேட்பது இதைத்தான்.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு மரபு வளரவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். மூலப்பொருள் எல்லா வீட்டிலும் இருந்தது. பச்சைப்பிள்ளையை முதலில் பழைய வேட்டியிலோ பருத்திச் சேலையிலோதான் கிடத்தினோம், தூளியும் அதில்தான். எங்கள் பெரியம்மா பேறுகாலத்துக்கு என்று பழந்துணிகளைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, நான்காக மடித்து ஓரம் தைத்து வைப்பார். கத்தரியைத் தொடமாட்டார். ஓரத்தில் சின்ன வெட்டுக் கொடுத்துவிட்டுக் கையால் சர்ரென்று கிழிப்பார். பருத்தி இழை பிடித்துக் கிழியும்போது கோடு பிசகாது, அளவுகோலும் வேண்டாம். கிழிகிற சத்தத்தை வைத்தே இந்தத் துணி இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். சத்தமில்லாமல் கிழிந்தால் அதை ஒதுக்கி, விளக்குத் துடைக்க வைத்துக்கொள்வார். ஒட்டுப் போர்வைக்குத் துணி பொறுக்கும்போது இன்றும் அந்தச் சோதனையைத்தான் செய்கிறேன். சின்னாளப்பட்டிச் சுங்குடி பல வருடம் உடுத்தியபின் கொடுக்கும் மென்மைக்கு, கடையிலிருந்து வெட்டி வந்த எந்தப் புதுத்துணியும் ஈடாகாது.

இப்போது கிடைப்பதென்ன? வீட்டில் உடுத்தியவற்றில் பாதி பாலியஸ்டர் கலந்தவை. மடிப்பு நிற்காது, வியர்வையை வாங்காது, பருத்தியோடு சேர்த்துத் தைத்தால் துவைத்தபின் பருத்தி சுருங்கி அது மட்டும் உப்பிக்கொண்டு நிற்கும். என் பேத்திக்குப் போர்வை தைத்தபோது அவள் அப்பாவின் பள்ளிக்கூடச் சட்டைகளைச் சேர்க்க ஆசை. கலப்புத் துணி என்பதால் காலர் பட்டியை மட்டும் எடுத்து ஒரு மூலையில் பூலாவாக மடித்து வைத்தேன். மீதிக்கு அவள் தாத்தாவின் லுங்கிகளும் என் சேலைகளும் கைகொடுத்தன.

கடைகளில் நடப்பதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை. ஒட்டுப் போட்டது மாதிரி அச்சடித்த படுக்கை விரிப்பு வந்துவிட்டது, தையல்கூட அச்சில்தான். நகரத்துக் கைவினைக் கடை ஒன்றில் கையால் தைத்தது என்று சீட்டுத் தொங்கிய போர்வையைப் புரட்டினேன். மிஷின் தையல், சீரான கட்டம், ஓரத்தில் தையல்காரர் வைக்கும் கிராஸ் பட்டி. துண்டுகள் அத்தனையும் புதுத்துணியில் ஒரே அளவாக வெட்டியவை. ஒரு துண்டையும் யாரும் உடுத்தியதில்லை. அதற்குக் கேட்ட விலையில், எல்லாபூர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்கு அவள் கேட்ட கூலியைக் கொடுத்து நல்ல கவந்தியே வாங்கிவிடலாம்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புரட்டிப் பாருங்கள், நூலோட்டம் ஓரத்திலிருந்து நடுவுக்குப் போகிறதா என்று பாருங்கள், நான்கு மூலையையும் கையில் பிடித்துப் பாருங்கள். பூலா கனமாகத் தட்டுப்பட்டால் பேரம் பேசாமல் வாங்குங்கள். வீட்டில் தைக்க நினைப்பவர்கள் பெரிதாகத் தொடங்க வேண்டாம். தொட்டில் பிள்ளைக்கு ஒரு போர்வை தைக்கப் பாதிச் சேலையும் ஒரு பை நிறையத் துண்டும் போதும். அதற்கு முதலில் துணி வீட்டில் இருக்க வேண்டும். அடுத்த தடவை தெருவில் பாத்திரக்காரர் குரல் கேட்டால், பாலியஸ்டரைப் போட்டு எவர்சில்வர் வாங்கிக்கொள்ளுங்கள். பருத்தியைப் போடாதீர்கள்.