அரக்கனுக்கு ஓர் அரிச்சுவடி

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னைப் பெருஞ்சாலையை நோக்கியபடி நிற்கிறது ரஞ்சன்குடிக் கோட்டை. 1751-ஆம் ஆண்டு இந்த வட்டாரத்திலே வாலிகண்டபுரத்துப் போர் மூண்டது. சந்தா சாகிபுக்குத் துணை பிரெஞ்சுக்காரர்; முகமது அலிக்குத் துணை ஆங்கிலேயர். பாரிசின் மொழியும் இலண்டனின் மொழியும், உருதுவும் தமிழும் ஒரே களத்தில் ஒலித்தன. எதிரியின் கட்டளை இவன் காதுக்குக் காட்டுக் கூச்சல். இவன் கட்டளை எதிரியின் காதுக்குக் காட்டுக் கூச்சல். ஆனால் கூச்சலிட்டவன் எவனும் இல்லை! ஒவ்வொருவனும் தன் தாய் தந்த மொழியைத்தான் பேசினான்.

காதின் அறியாமையை மொழியின் குற்றமாக்கும் இந்த வழக்கம் கோட்டைகளோடு இடிந்து விழவில்லை. வெள்ளித்திரை வரை நடந்து வந்திருக்கிறது. அதற்கு நம் காலத்துச் சான்று, கிளிக்கி.

2015-இல் இராஜமௌலியின் ‘பாகுபலி’ வெளிவந்தது. அதிலே மகிழ்மதி நாட்டின்மீது படையெடுத்து வரும் காலகேயர் பேசுவதற்கென்றே ஆக்கப்பட்ட மொழி இது. ஆக்கியவர் நம் பாடலாசிரியர் மதன் கார்க்கி. ஆஸ்திரேலியாவில் இருந்தபோது சிறுவர்களோடு விளையாட்டாக உருவாக்கிய ‘கிளிக்’ என்னும் மொழியே இதன் வித்து. ஏறத்தாழ 750 சொற்கள், 40 இலக்கண விதிகள் என்று வளர்ந்து திரைக்கு வந்தது. 2020 பிப்ரவரி 21 அன்று அதற்கு எழுத்தும் வழங்கப்பட்டது. 22 குறிகள், எளிதிற் கற்கலாம் என்று அறிவித்தார்கள்.

எழுத்தை எளிமையாக்கும் எண்ணத்தைப் பாராட்டத் தயங்கமாட்டோம். எழுத்து, மக்கள் ஏறிச் செல்லும் படிக்கட்டு; ஏறவிடாமல் தடுக்கும் மதில் அன்று. 1935-இலேயே பெரியார் தமிழெழுத்தைச் சீர்திருத்தித் தம் ஏட்டில் அச்சிட்டுக் காட்டினார். துதிக்கை தூக்கிய பழைய லை, னை, ணை முதலிய வடிவங்கள் மாறத் தமிழக அரசின் ஆணை வந்ததோ 1978-இல்! நாற்பதாண்டுகளுக்கு மேல் காத்திருந்த நாட்டிலே, கற்பனை மொழிக்கேனும் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே எளிய எழுத்தைத் தருகிறார் என்றால் மகிழ்ச்சியே. 12 உயிரும் 18 மெய்யும் கூடி 216 உயிர்மெய்யாகப் பெருகும் நம் நெடுங்கணக்கைக் கற்ற பிள்ளைக்கு 22 குறிகள் எம்மாத்திரம்?

எழுத்தில் குறை காணவில்லை நாம். ஒலிப்புக்கு வருவோம்.

நாவை அண்ணத்தில் ஒட்டிச் சட்டென்று பிரித்தால் ஒரு சொடுக்கொலி பிறக்கிறதே, அதைத்தான் கிளிக்கி தன் அடையாளமாகக் கொண்டிருக்கிறது. காலகேயத் தலைவன் கண்ணை உருட்டி, பல்லைக் காட்டி, அந்த ஒலியைச் சொடுக்கும்போது அரங்கம் அஞ்ச வேண்டும், அருவருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சொடுக்கொலி அவ்வளவு கொடிய ஒலியா? ரஞ்சன்குடியின் கரிசற்காட்டிலே மாட்டை முடுக்கும் உழவர் எழுப்புவது எந்த ஒலி? துயரச் செய்தி கேட்டதும் நம் தாய்மார் ‘உச்சு’க் கொட்டுகிறார்களே, அது எந்த ஒலி? தொல்காப்பியர் ஒலிகளின் பிறப்பைத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று இடம் பிரித்து ஆராய்ந்தார். உச்சுக்கு மட்டும் நம் நெடுங்கணக்கில் எழுத்தில்லை. எழுத்தில்லாததால் நம் இரக்கம் இழிந்துவிட்டதா?

தென்னாப்பிரிக்காவில் சோசா என்றொரு மொழி. ஆங்கில நெடுங்கணக்கின் சி, கியூ, எக்ஸ் என்னும் மூன்று எழுத்துகளை அம்மொழியினர் மூவகைச் சொடுக்கொலிகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இருபத்தேழு ஆண்டு சிறையிலிருந்து மீண்டு நாடாண்ட நெல்சன் மண்டேலாவின் தாய்மொழி அது. மண்டேலாவின் தாய் தாலாட்டிய ஒலியைக் கேட்டு மகிழ்மதி மருளுமாம்!

இந்தக் குற்றம் கார்க்கியோடு தொடங்கியதன்று. மேல்நாட்டுப் பெரும்புலவர்களும் இதற்கு விலக்கல்லர். ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டோல்கீன், தம் கற்பனை உலகுக்கு மொழிகளும் எழுத்துகளும் படைத்தவர். 1955-இல் வெளிவந்த தம் பெருங்கதையின் இறுதிப் பகுதியிலே, எவ்வெழுத்தை எவ்வாறு ஒலிப்பது என்று இலக்கணமே எழுதிச் சேர்த்தார். அழகிய எல்வுகளுக்குப் பின்னிய மொழியையும் வேல்சு மொழியையும் தழுவிய இன்னொலிகள்; இருள் வேந்தனின் அடியாட்களுக்கோ கரடுமுரடான ‘கருமொழி’! பெயரிலேயே கருமை, கருமையிலேயே கொடுமை. 1984-இல் ‘ஸ்டார் டிரெக்’ படத்துக்காக மார்க் ஓக்ராண்ட் என்னும் மொழியறிஞர், போர்வெறி கொண்ட கிளிங்கானியருக்கு மொழி ஆக்கினார். மனிதர் காதுக்கு வேற்றுலகத்தது போல் ஒலிக்க வேண்டுமென்று அவர் தேர்ந்த ஒலிகளுள் ஒன்று, நாவை மடித்து ஒலிக்கும் டகரம். நாம் ‘வண்டி’ என்கிறோமே, ‘கண்டேன்’ என்கிறோமே, அந்த டகரந்தான்! ஆலிவுட்டின் காதுக்கு வேற்றுக் கிரகத்து உறுமல்; பெரம்பலூர்ச் சந்தையிலே அன்றாடப் பேச்சு!

ஆகவே ஒலியிலே இனிமையும் இன்னாமையும் இயற்கையாய் உறையவில்லை. கேட்பவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்தது அது. 2009-இல் வந்த ‘அவதார்’ படமே இதற்குச் சான்று. பால் பிராமர் ஆக்கிய நாவி மொழியிலும் மேல்நாட்டார் காதுக்குப் பழகாத வெடிப்பொலிகள் உண்டு. ஆனால் அதைப் பேசியோர் காடு காக்கப் போராடிய நல்லோர். எனவே அரங்கம் அஞ்சவில்லை; அம்மொழியைக் கற்க ஆசைப்பட்டது! ஒலி புதிது, பேசியவனுக்குக் கதை தந்த மதிப்பு வேறு. அவ்வளவுதான்.

நம் நாட்டில் இந்தச் சூழ்ச்சிக்கு வயது அதிகம். சதபத பிராமணம் ஒரு கதை சொல்கிறது: அசுரர்கள் பகைவரை விளிக்கும் சொல்லைப் பிழைபட ஒலித்தார்களாம், ரகரம் வரவேண்டிய இடத்தில் லகரம் வந்ததாம், அதனால் தோற்றார்களாம்! அப்படிப் பேசுபவன் மிலேச்சன் என்று முத்திரையும் குத்தியாயிற்று. ஓர் எழுத்து மாறினால் ஓர் இனமே இழிந்ததாகுமா? படைவலியால் வென்றதற்கு ஒலிப்பிழையைக் காரணம் காட்டும் கதையன்றோ இது! கிரேக்கனும் சளைத்தவனல்லன், தன் மொழி பேசாதவன் வாயில் ‘பர், பர்’ என்றே கேட்டான், அதிலிருந்து பிறந்த சொல்லே ‘பார்பேரியன்’. நாமும் நம்மைத் தப்பவிட வேண்டாம். அந்தக் கிரேக்கர் வழி வந்த யவனரை வன்சொல்லர் என்று நம் பழம்பாடல்களும் பேசியதுண்டு. அதே இலக்கியத்தில் எல்லைக்கப்பாலுள்ள நாட்டை, மொழி மாறும் நாடு என்ற பொருளில், இகழ்ச்சி சிறிதுமின்றிக் குறித்ததும் உண்டு. இரண்டில் எது நமக்கு வழிகாட்டி என்பதைத் தெளிந்து கொள்வோம்.

இனி மீண்டும் கிளிக்கி. அந்த மொழிக்குள்ளேயே அதன் கதைக்கு மறுப்பு இருக்கிறது! கிளிக்கியில் ‘மின்’ என்றால் நான். அதைத் திருப்பிப் போட்டால் ‘நிம்’. அதன் பொருள் நீ. என்ன அழகான இலக்கணம்! நான் திரும்பினால் நீ. நீ திரும்பினால் நான். மொழியாக்கியவரின் அறிவு கண்டுகொண்ட இந்தச் சமத்துவத்தை, கதையின் கண் காணவில்லை. கரிய பூச்சும் சடைமுடியும் தந்து, காலகேயனைக் கொன்று குவிக்கத்தக்க கூட்டமாக்கிற்று. சூளுரைக்கவும் வசைபாடவும் மொழி கொடுத்தார்கள். மகனை இழந்த காலகேயத் தாய் அழுவதற்கு அதே மொழியில் ஒரு சொல் கொடுத்தார்களா?

எழுத்து வெளியிட்ட நாள் எந்த நாள்? 1952-இல் டாக்கா நகரிலே வங்கமொழிக்காக மாணவர்கள் குண்டேந்தி மாண்ட நாள். உலகத் தாய்மொழி நாள். அந்த நாளைத் தேர்ந்தவர்க்கு ஒரு கடமை உண்டு. தாய்மொழி என்றால் தாய் வேண்டும், தாலாட்டு வேண்டும், ஒப்பாரியும் வேண்டும். எழுத்தைத் தந்தீர்கள், நன்று. இனிக் காலகேயக் குழந்தை ஒன்று ‘மின்’ என்று எழுதி, திருப்பிப் படித்து, ‘நிம்’ என்று நம்மை நோக்கிக் கைகாட்டும் ஒரு கதையையும் தாருங்கள். அன்று சொடுக்கொலி கேட்டு அரங்கம் அஞ்சாது, உச்சுக் கொட்டும்.